நடுக்களத்துக்காரி

தீபிகா கால்பந்தில் நடுக்கள ஆட்டக்காரி ஆனதற்கு ஏற்காட்டு மலையிலுள்ள வெள்ளக்கடைப் பள்ளிக்கூடத்து மைதானம்தான் காரணம். பெயருக்குத்தான் அது மைதானம். உண்மையில் ஒரு சரிவு. ஒரு பக்கம் வகுப்பறைச் சுவர், இன்னொரு பக்கம் காப்பித் தோட்டம். பந்து தோட்டத்துப் பக்கம் போய்விட்டால் சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே உருண்டு கீழே ஓடை வரைக்கும் போகும். யார் காலில் பட்டுப் போனதோ அவர்தான் இறங்கி எடுத்து வரவேண்டும். தீபிகாவுக்கு இறங்கி ஏறுவதில் இஷ்டமே இல்லை. அதனால் மற்றவர்களைப் போல ஓங்கி உதைக்காமல், பந்தைக் காலுக்குப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு, யார் தனியாக நிற்கிறார்களோ அவர்களிடம் மெதுவாகத் தள்ளிவிடப் பழகினாள். சேலத்தில் நடந்த மாவட்டப் போட்டியில் அவள் ஆட்டத்தைப் பார்த்த தேர்வாளர் ஒருவர், "இந்தப் பொண்ணு பந்தை யாருக்கும் சும்மா குடுக்கமாட்டா போலிருக்கே" என்று சொல்லி, விளையாட்டு விடுதிக்கு அவள் பெயரைச் சிபாரிசு செய்தார்.

அப்படித் தொடங்கிய ஓட்டம் சென்னை, கேரளம், ஒடிசா என்று போய்க்கொண்டே இருந்தது. பெண்கள் லீக்கில் ஆடும் கிளப்புகள் ஒப்பந்தம் போட்டு அழைத்தன. ஒவ்வொரு ஊரிலும் தீபிகா முதலில் கற்றுக்கொண்டது மூன்று வாக்கியங்கள்: இங்கே கொடு, பின்னால் ஆள் வருது, திரும்பு. மலையாளத்திலும் ஒடியாவிலும் அவளுக்கு அதற்கு மேல் அதிகம் தெரியாது. ஆனால் களத்துக்கு அது போதும். நடுக்களத்தில் நிற்கிறவளுக்கு வாய்தான் முதல் கால் என்று அவளுடன் ஆடிய மணிப்பூர்ப் பெண் ஒருத்தி சொல்வாள்.

அவள் கோல் அடிப்பது அபூர்வம். கோல் அடித்தவளுக்குப் பந்தைக் கொடுத்தவளுக்குப் பந்தைக் கொடுத்தது யார் என்று பார்த்தால் அங்கே தீபிகா இருப்பாள். வர்ணனையாளர்கள் அவ்வளவு தூரம் பின்னோக்கிப் பார்ப்பதில்லை. அவளுடைய அப்பா அம்மாசியும் பார்ப்பதில்லை. மலைமேல் கொஞ்சம் காப்பியும் மிளகும் சாமையும் பயிரிடுகிற அவர், சிக்னல் கிடைக்கிற பாறையில் உட்கார்ந்து போனில் மகளின் ஆட்டங்களைப் பார்ப்பார். ஆட்டம் முடிந்ததும் கூப்பிடுவார்.

"ஏன் கண்ணு, பந்து உன்கிட்ட வந்த ஒடனே அடுத்தவங்களுக்குக் குடுத்தர்றயே. கொஞ்ச நேரம் நீயே வெச்சிருந்தா என்ன?"

"அதுதானுங்கப்பா என்ற வேலையே."

"நல்ல வேல போ. உன்னயப் பாக்கலாம்னு உக்காந்தா கண்ணச் சிமிட்டறதுக்குள்ள முடிஞ்சு போயிருது."

விடுமுறைக்கு ஊருக்கு வந்திருந்த ஒரு சமயம், உடம்பு விட்டுப் போகக் கூடாதென்று ஏற்காடு அணியின் பையன்களோடு பயிற்சி ஆட்டத்துக்குப் போனாள். அங்கேதான் கோகுலைப் பார்த்தாள். சேலத்திலிருந்து மலையேறி வந்து ஏரிக்கரையில் கடை போட்ட வேலுசாமியின் மகன். ஒரு ஓட்டலில் ரிசப்ஷன் வேலை. அணியின் முன்கள வீரன், உள்ளூர் நட்சத்திரம். அன்று அவன் நாலு கோல் அடித்தான். அத்தனை கோலுக்கும் பந்து தீபிகாவின் காலிலிருந்து வந்தது. ஆனால் எல்லாம் தன் திறமை என்று அவன் வெகுநாள் நம்பிக்கொண்டிருந்தான். கல்யாணத்துக்குப் பிறகுதான் அவள் அதைத் திருத்தினாள். இரண்டு வீட்டிலும் முதலில் கொஞ்சம் முணுமுணுப்பு இருந்தது. பிறகு அம்மாசியும் வேலுசாமியும் மிளகு விலையைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்கள். கல்யாணப் பேச்சு அதற்குள் எப்படியோ கரைந்து முடிவாகிவிட்டது.

ஒடிசாவில் ஆடிய கடைசி இரண்டு பருவங்களில் தீபிகாவின் கால் மெதுவானது. அடிபடவில்லை, முறியவில்லை. எங்கே போக வேண்டுமென்று மூளைக்கு முன்பைவிட நன்றாகத் தெரிந்தது. கால்தான் ஒரு நொடி தாமதமாகப் போய்ச் சேர்ந்தது. அவள் இடத்தில் ஒரு சின்னப் பெண் இறங்கினாள். தீபிகா வெளியே உட்கார்ந்து, "இடது பக்கம், இடது பக்கம்" என்று கத்திக்கொண்டிருந்தாள். அந்தக் கிளப்பின் பயிற்சியாளர் ஒருநாள் சிரித்துக்கொண்டே சொன்னார்: "நான் வாயைத் திறக்கறதுக்கு முன்னாடி நீ சொல்லி முடிச்சுடறே. பேசாம கோச்சிங் லைசென்ஸுக்குப் படி." அவள் படித்துத் தேறினாள். அந்தப் பருவத்தோடு ஒப்பந்தமும் முடிந்தது. கிளப் அதைப் புதுப்பிக்கவில்லை.

ஏற்காட்டுக்குத் திரும்பி வந்தபோது எல்லோரும் சந்தோஷப்பட்டார்கள். அவளும் சந்தோஷமாக இருப்பதாகத்தான் நினைத்தாள். ஆனால் அடுத்த பருவத்தின் முதல் ஆட்டம் போனில் ஓட ஆரம்பித்ததும் அவளால் ஐந்து நிமிஷம்கூடப் பார்க்க முடியவில்லை. அணைத்துவிட்டு, பைக்கை எடுத்துக்கொண்டு வெள்ளக்கடைக்குப் போய் அப்பாவோடு மிளகு பறித்தாள். ஏணியில் நின்றபடி கொஞ்சம் அழுதாள். கீழே நின்ற அம்மாசி, "கொடி கண்ணுல பட்டிருச்சா சாமி?" என்று கேட்டார். ஆமாம் என்றாள். அவர் ஏணியை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

மழைக்காலம் முடிந்த சமயத்தில் ரஞ்சித் வீட்டுக்கு வந்தான். சுற்றுலா ஜீப் ஓட்டுகிறவன். ஏற்காடு அணியின் கோல்கீப்பரும் கேப்டனும் அவன்தான்.

"ஏனுங்கக்கா, எங்க கோச்சு வேலை கெடச்சுத் திருப்பூர் போயிட்டாருங்க. சேலம் லீக் பி டிவிஷன் அடுத்த மாசம் ஆரம்பிக்குது. நீங்க வந்தா நல்லாருக்குமுங்க."

தீபிகா பதில் சொல்வதற்குள் கோகுல் உள்ளேயிருந்து வந்தான். "நாந்தான் வரச் சொன்னேன். உன்னய விட்டா இந்த மலையில வேற யாரு இருக்கா?" என்றான். அவன் முகத்தில் பெருமை வழிந்தது. அந்தப் பெருமை எத்தனை நாள் தாங்கும் என்று அவளுக்கு அப்போதே ஒரு சந்தேகம் இருந்தது. இருந்தாலும் சரி என்றாள்.

முதல் நாள் பயிற்சியிலேயே ஒரு சிக்கல். அணியில் ஓட்டல் சர்வர்கள், ஆட்டோக்காரர்கள், எஸ்டேட் சூபர்வைசர்கள் என்று பலர் இருந்தார்கள். எல்லோரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு விரட்டினாள். கோகுல் முறை வந்தபோது வாய் தானாக, "ஏனுங்க, கொஞ்சம் பின்னால வாங்க" என்றது. மைதானமே சிரித்தது. ஒரு சர்வர் தரையில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டான். மறுநாள் தீபிகா மனதைத் திடப்படுத்திக்கொண்டு, "கோகுல், பின்னால வா" என்று குரல் கொடுத்தாள். கோகுல் திடுக்கிட்டுத் திரும்பிப் பார்த்தான். அன்றிலிருந்து மைதானத்தில் அவன் அவளுக்குக் கோகுல், அவள் அவனுக்குக் கோச். வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது 'ங்க' திரும்பி வந்துவிடும். சேதி எப்படியோ மாமியார் மல்லிகாவின் காதுக்குப் போனது. "நாலு பேரு முன்னால பேரச் சொல்லிக் கூப்படறயாமே" என்றார். "ஆமாங்கத்தை, அப்படிக் கூப்பிட்டாத்தான் வர்றாருங்க" என்றாள் தீபிகா. மல்லிகா சற்று யோசித்துவிட்டு, "வர்றானா?" என்று கேட்டார்.

அடுத்த சிக்கல் ஞாயிற்றுக்கிழமை. லீக் ஆட்டங்கள் ஞாயிறுதான். ஏற்காட்டில் கூட்டம் வருவதும் ஞாயிறுதான். ஓட்டல் பையன்களுக்கு அன்று லீவு கேட்டால் மேனேஜர்கள் பேயைப் பார்த்தது போல் பார்ப்பார்கள். தீபிகா லீக் நடத்துகிறவர்களிடம் போய், "எங்க ஆட்டத்தையெல்லாம் காலையில ஏழு மணிக்கு வெச்சிருங்க. வெயிலுக்கு முந்தி முடிஞ்சிரும், உங்களுக்கும் நல்லதுதானுங்க" என்று பேசிச் சம்மதிக்க வைத்தாள். விடிவதற்கு முன் வேன் பிடித்து மலை இறங்குவார்கள். ஆடிவிட்டு, மறுபடி கொண்டை ஊசி வளைவுகள் ஏறி, பதினோரு மணிக்கெல்லாம் வேலையில் நிற்பார்கள். குளிக்க நேரமில்லாத சர்வர்கள் அன்று சாம்பார் பரிமாறும்போது சற்று எட்டியே நின்று ஊற்றினார்கள்.

பயிற்சி தினமும் காலை ஆறு மணிக்கு. டிசம்பரில் அந்த நேரத்துக்குப் பனி மூட்டம் இறங்கி, நடுக்கோட்டில் நிற்கிறவனுக்குக் கோல் கம்பம் தெரியாது. பையன்கள் "இன்னைக்கு வேண்டாமுங்கக்கா" என்று கெஞ்சினார்கள். தீபிகா விடவில்லை. "கண்ணு தெரியலன்னா வாயால சொல்லு. எங்க இருக்கேன்னு கத்து." முதலில் பந்து எங்கோ போனது, ஆள் எங்கோ போனான், இரண்டு பேர் ஒருவர்மேல் ஒருவர் மோதி விழுந்தார்கள். பத்து நாளில் ஒருவர் பெயரை ஒருவர் சொல்லிச் சொல்லியே பந்து கை மாறுவதுபோல் கால் மாறிப் போக ஆரம்பித்தது. ஒருநாள் பனிக்குள் யாரோ குரல் கொடுத்தும் பதில் சொல்லாமல் மூலையில் நின்றுகொண்டிருந்தார். அதட்டலாமென்று தீபிகா பக்கத்தில் போனால், காட்டெருமை. பெருமூச்சு விட்டபடி மைதானத்துப் புல்லை மேய்ந்துகொண்டிருந்தது. அன்று பயிற்சி எட்டு மணிக்குத்தான் தொடங்கியது. எருமை கிளம்பும்வரை எல்லோரும் டீக்கடையில் நின்றார்கள்.

அணி நன்றாகவே ஆடியது. தோற்றார்கள், ஆனால் ஜெயித்தது அதிகம். கோகுலும் கோல்கள் அடித்தான். அவனிடம் பந்து வந்தால் கதை வேறுதான். ஆனால் பந்து எதிராளியிடம் போய்விட்டால் அவன் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு முன்னாலேயே நின்றுவிடுவான். திரும்பி ஓடி வந்து தடுப்பது அவன் பழக்கத்திலேயே இல்லை. தீபிகா சொல்லிப் பார்த்தாள், தனியாக ஓடவிட்டுப் பார்த்தாள், வீடியோ எடுத்துக் காட்டிப் பார்த்தாள். வீடியோவில் கோகுல் தன் கோலை மட்டும் மூன்று தடவை திரும்பப் போட்டுப் பார்த்தான்.

கடைசி ஆட்டம் செவ்வாய்ப்பேட்டை அணியோடு. அவர்கள்தான் முதலிடம், வேகமான ஆட்டக்காரர்கள். ஏற்காடு தோற்காமல் டிரா செய்தாலே போதும், இரண்டாம் இடத்தைப் பிடித்து ஏ டிவிஷனுக்கு ஏறிவிடும். தோற்றால் இன்னொரு வருஷம் பி டிவிஷன்தான். தீபிகா மூன்று நாள் யோசித்தாள். செவ்வாய்ப்பேட்டைக்காரர்கள் பின்களத்திலிருந்து சாவகாசமாகப் பந்தைக் கட்டி எழுப்புகிறவர்கள். முன்னால் நிற்கிறவன் அவர்களை விரட்டிக்கொண்டே இருந்தால்தான் அது உடையும். அதற்கு முருகேசன்தான் சரி. காய்கறி வேன் ஓட்டுகிற ஒல்லிப் பையன். கோல் கம்பத்துக்கு முன்னால் நின்றாலும் வெளியேதான் அடிப்பான். ஆனால் ஓடு என்றால் நிறுத்தச் சொல்லும்வரை ஓடுவான்.

வெள்ளிக்கிழமை பயிற்சி முடிந்ததும் பதினோரு பேரைச் சொன்னாள். முருகேசன் பெயர் வந்தபோது முருகேசனே நம்பவில்லை. சொல்லி முடித்ததும் ரஞ்சித் குனிந்து, கட்டியிருந்த ஷூ லேஸை அவிழ்த்து மறுபடி கட்டினான்.

"கோச்," என்றான் கோகுல். "என்ற பேரு உட்டுப்போச்சு."

"உட்டுப்போகலீங்க," என்றாள் தீபிகா. "நீங்க வெளிய உக்கார்றீங்க."

மைதானத்தில் 'ங்க' வந்துவிட்டதை எல்லோரும் கவனித்தார்கள். இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. கோகுல் தன் பையை எடுத்துக்கொண்டு, பைக்கை விட்டுவிட்டு நடந்தே போனான்.

அன்றைக்கு இரவுச் சாப்பாட்டில் கோகுல் மனைவியிடம் பேசவில்லை. "அம்மா, சட்னிய இக்கட்டால தள்ளச் சொல்லு" என்றான். சட்னி தீபிகாவின் கைக்குப் பக்கத்தில் இருந்தது. அவளே அவன் பக்கம் தள்ளினாள். மல்லிகா இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஏம்மா, கொழம்புல உப்பு எச்சாப் போச்சுன்னா உங்கிட்டச் சொல்லலாம். நீ ஊட்டுக்காரனையே வெளிய உக்கார வெச்சுட்டியாம். நான் யாருகிட்டப் போயிச் சொல்றது?"

"அத்தை, நாளன்னைக்கு இவரு ஆட வேண்டிய ஆட்டம் இல்லீங்க அது. பந்து போச்சுன்னா திரும்பி ஓடி வரணும். இவரு வரமாட்டாருங்க."

மல்லிகா தோசையைத் திருப்பிப் போட்டார். "அது சின்னதுலருந்தே அப்படித்தான். கடைக்குப் போடான்னா ஒடனே போயிருவான். திரும்பி வரமாட்டான்."

"அம்மா," என்றான் கோகுல்.

"இருக்கறதத்தான சொன்னேன்."

சாப்பிட்டதும் கோகுல் வெளிப்படிக்கட்டில் போய் உட்கார்ந்தான். கீழே ஏரிப்பக்கம் வண்டிகளின் விளக்குகள் ஊர்ந்துகொண்டிருந்தன. தீபிகா போய் ஒரு படி கீழே உட்கார்ந்தாள். அவன்தான் முதலில் பேசினான்.

"ஊரே கேக்கும். ரிசப்ஷன்ல நிக்கறேன், வர்றவன் போறவன் எல்லாங் கேப்பான். பொண்டாட்டியே வெளிய தள்ளிட்டாளாமேன்னு."

"கேப்பாங்க."

"உன்னய ஒடிசாவுல வெளிய உக்கார வெச்சாங்களே. அப்ப எப்படியிருந்துச்சு?"

தீபிகா இதை யாரிடமும் சொன்னதில்லை. "பாத்ரூம்ல தண்ணியத் தொறந்து விட்டுட்டு அழுதேனுங்க. அந்தப் பொண்ணு கீழ விழணும்னுகூட நெனச்சேன். வெளிய உக்காந்தவ என்ன செய்யோணும்னு எனக்கு யாரும் சொல்லித் தரல. நானா எதையோ கத்திட்டுச் சும்மா உக்காந்திருந்தேன். அதுதான் நொம்ப வலிச்சுது."

கோகுல் அவளைப் பார்த்தான். அவள் தொடர்ந்தாள். "உங்கள நான் சும்மா உக்கார வெக்கல. அவங்க நாலாம் நம்பர்க்காரன் இருக்கான் பாருங்க, நடுவுல தடுக்கறவன். அவன மட்டும் பாருங்க. எந்தப் பக்கம் திரும்பறான், எப்ப மூச்சு வாங்கறான்னு எனக்குச் சொல்லுங்க. உங்களுக்குத்தான் அது தெரியும். எனக்குத் தெரியாது."

"பாக்கறேன்," என்றான். குரலில் கோபம் முழுக்கப் போயிருக்கவில்லை. "ஆனா சட்னி விசயத்துல நான் செஞ்சது சரிதான்."

ஞாயிற்றுக்கிழமை வேன் கிளம்புகிற நேரத்துக்கு அம்மாசி வெள்ளை வேட்டி சட்டையோடு வந்து நின்றார். மகள் ஆடிய எந்த ஊருக்கும் அவர் போனதில்லை. மைதானத்தில் அவளைப் பார்க்கப் போவது இதுதான் முதல் தடவை. "ஆடுனப்ப வர முடியல. நிக்கறதையாச்சும் பாக்கறேன்" என்று சொல்லிவிட்டு டிரைவர் பக்கத்துச் சீட்டில் ஏறிக்கொண்டார்.

ஏழு மணிக்கே சேலத்தில் வெயில் சுள்ளென்றிருந்தது. செவ்வாய்ப்பேட்டைக்காரர்கள் தொடக்கத்திலேயே அழுத்தினார்கள். ஒரு பந்து கம்பத்தில் பட்டுத் திரும்பியது. இன்னொன்றை ரஞ்சித் நெஞ்சால் தடுத்தான். ஆனால் முருகேசன் ஓடிக்கொண்டே இருந்தான். பின்களத்தில் யாரிடம் பந்து போனாலும் அவன் அங்கே வந்து நின்றான். அவர்கள் அவசரப்பட்டு உதைக்க ஆரம்பித்தார்கள். உதைத்த பந்துகளெல்லாம் ஏற்காட்டுக்காரர்களிடமே வந்தன. பனியில் பழகிய பையன்கள் நல்ல வெயிலிலும் ஒருவரை ஒருவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே ஆடினார்கள். எதிரணிக்குத் தலைவலியே வந்திருக்கும்.

தீபிகா கோட்டுக்கு வெளியே நின்றாள். அதுதான் கஷ்டமாக இருந்தது. நடுக்களத்தில் ஒரு இடைவெளி திறந்தது. யாரும் அதைப் பார்க்கவில்லை. அவள் கால் தானாக முன்னே போனது. ரெஃப்ரி விசில் ஊதாமலேயே பக்கத்தில் ஓடி வந்து, "மேடம், நீங்க உள்ள வந்துட்டீங்க" என்றார். குனிந்து பார்த்தால் கோட்டைத் தாண்டி நாலடி போயிருந்தாள். மன்னிப்புக் கேட்டுவிட்டுப் பின்னால் வந்தாள். நாற்காலியில் உட்கார்ந்திருந்த அம்மாசி, "போயி ஒரு ஒதை ஒதச்சுட்டு வந்திருக்கலாம்ல" என்றார்.

இரண்டாம் பாதி பாதிக்கு மேல் போனபோது கோகுல் எழுந்து அவளருகில் வந்தான்.

"நாலாம் நம்பரு முடிஞ்சுட்டான் கோச். வலப்பக்கம் திரும்பவே மாட்டேங்கறான். முருகேசன் அவனத் தொரத்தியே கொன்னுட்டான்."

முருகேசனும் முடிந்துவிட்டிருந்தான். கெண்டைக்கால் பிடித்து இழுக்க, புல்லில் உட்கார்ந்துவிட்டான். ஸ்கோர் இன்னும் பூஜ்யத்துக்குப் பூஜ்யம். பத்து நிமிஷம் இருந்தது. தீபிகா கணவனைப் பார்த்தாள்.

"கோகுல், உள்ள போ. கோல் வேண்டாம்."

"கோல் வேண்டாமா?"

"வேண்டாம். டிரா போதும். அடிச்சுத் தவறுனா பந்து அவங்களுக்குப் போயிரும். பந்து கெடச்சா கார்னர் கொடிப் பக்கம் கொண்டு போயி அங்கயே வெச்சுக்கோ. நேரம் போகட்டும். பந்து போயிருச்சுன்னா திரும்பி ஓடி வா."

இப்படி ஒரு உத்தரவை அவன் வாழ்நாளில் கேட்டதில்லை. உள்ளே ஓடினான். முதல் தடவை பந்து போனபோது இடுப்பில் கை போகப் பார்த்தது. பிறகு என்ன நினைத்தானோ, திரும்பி ஓடினான். தங்கள் பெனால்டி எல்லை வரைக்கும் ஓடி வந்து ஒரு பந்தைத் தட்டி வெளியே விட்டான். அவனை அவ்வளவு பின்னால் பார்த்துப் பழக்கமில்லாத ரஞ்சித், யாரோ எதிரணிக்காரன் என்று நினைத்துக் கத்தினான்.

கடைசி நிமிஷங்களில் ரஞ்சித் நீளமாக உதைத்த பந்து நடுக்கோட்டைத் தாண்டி விழுந்தது. நாலாம் நம்பர்க்காரன் அதை நோக்கிப் போனான். கோகுல் அவனுடைய வலப்பக்கமாகப் பந்தைத் தள்ளிவிட்டு ஓடினான். அவனால் திரும்ப முடியவில்லை. கோகுலுக்கு முன்னால் கோல்கீப்பர் மட்டும்தான். அவனும் முன்னால் வந்துவிட்டிருந்தான். பின்னால் கோல் திறந்த கதவுபோல் கிடந்தது. ஏற்காட்டிலிருந்து வந்த அத்தனை பேரும், "அடி, அடி" என்று கத்தினார்கள். அம்மாசி நாற்காலிமேல் ஏறி நின்று கத்தினார். தீபிகாவின் வாயும் 'அடி' என்று சொல்லத் திறந்தது. அவள் கையால் மூடிக்கொண்டாள்.

கோகுல் கோலை ஒரு கணம் பார்த்தான். பிறகு பந்தை இழுத்துக்கொண்டு கார்னர் கொடியை நோக்கித் திரும்பினான்.

மைதானமே அவனைத் திட்டியது. அவன் கொடிக்குப் பக்கத்தில் முதுகைக் காட்டி நின்று பந்தைக் காலடியில் ஒளித்துக்கொண்டான். இரண்டு பேர் வந்து இடித்தார்கள், மூன்றாவது ஒருவன் கணுக்காலில் உதைத்தான். பந்து வெளியே போனது, ஏற்காட்டுக்கே த்ரோ. அதையும் வாங்கி மறுபடி அதே மூலைக்குப் போனான். மறுபடி இடி, மறுபடி உதை. ரெஃப்ரி கடிகாரத்தைப் பார்த்துவிட்டு விசில் ஊதினார்.

ரஞ்சித் கையுறையை வானத்தில் வீசினான். ஓட்டல் பையன்கள் கோகுலைத் தூக்கலாமா வேண்டாமா என்று தெரியாமல் அவனைச் சுற்றி நின்றார்கள். கோல் அடித்தவனைத் தூக்குவது வழக்கம், அடிக்காதவனைத் தூக்குவது எப்படி என்று அவர்களுக்குப் புரியவில்லை. கடைசியில் முருகேசனைத் தூக்கினார்கள். கால் பிடித்துக்கொண்டிருந்த அவன் வலியில் அலறினான்.

அம்மாசி நேராக மருமகனிடம் போனார். "ஏனுங்க மாப்ள, அத்தன நல்ல எடம். ஏன் அடிக்கல?"

கோகுல் இன்னும் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தான். "உங்க பொண்ணைக் கேளுங்க மாமா. அவ வேண்டாம்னுட்டா."

அம்மாசி மகளைப் பார்த்தார். தீபிகாவுக்கு அந்தக் கணத்தில் கண் கலங்கியது. ஏ டிவிஷனுக்காகவா, அவன் அந்தப் பந்தை அடிக்காமல் விட்டதற்காகவா என்று அவளுக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. அவள் சொன்ன இடத்தில் ஒரு ஆள் போய் நின்றிருக்கிறான். அவளே ஆடியிருந்தால்கூட அவ்வளவு நிறைவாக இருந்திருக்குமா என்று தோன்றியது. திரும்பும் வழியில் வேனில் யாரும் தூங்கவில்லை. எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். கோகுல் கணுக்காலில் ஐஸ் வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தான். வளைவுகள் ஏற ஏற, அவன் தலை மெதுவாக அவள் தோளில் சாய்ந்தது. பின்சீட்டிலிருந்து யாரோ, "கோச்சு, அது மைதானத்துக்கு ஆகாதுங்க" என்றார்கள். "மைதானம் முடிஞ்சு போச்சு" என்றாள் அவள்.

கோடை சீசன் தொடங்கியபோது பெங்களூரிலிருந்து ஒரு போன் வந்தது. பெண்கள் லீக்கில் ஆடும் ஒரு கிளப்பின் மேலாளர் பவித்ரா. சென்னையில் தீபிகாவோடு ஒரு பருவம் ஆடியவள். துணைப் பயிற்சியாளர் வேலை ஒன்று இருப்பதாகச் சொன்னாள். நடுக்கள ஆட்டக்காரிகளைத் தயார் செய்யும் பொறுப்பு, வருஷத்தில் ஆறேழு மாதம் அங்கே இருக்க வேண்டும். கோகுலும் கேட்கட்டுமென்று தீபிகா ஸ்பீக்கரைப் போட்டாள்.

"உன் டீமைப் பத்திக் கேள்விப்பட்டேன்," என்றாள் பவித்ரா. "கடைசி ஆட்டத்துல அதிகமா கோல் அடிச்சவனையே வெளிய வச்சியாமே. அவன் எப்படி எடுத்துக்கிட்டான்? இங்க பெரிய பேரு வாங்குன பொண்ணுங்க இருக்காங்க. அவங்களை வெளிய உக்கார வைக்கணும்னா சமாளிப்பியா?"

"அவரையே கேட்டுக்கோ," என்று சொல்லி தீபிகா போனைக் கோகுலிடம் நீட்டினாள்.

கோகுல் ரிசப்ஷன் குரலுக்கு மாறினான். "வணக்கமுங்க மேடம். அவங்க எடுத்த முடிவு சரிதானுங்க. சமாளிப்பாங்களான்னு கேட்டா, என்னயவே சமாளிச்சுட்டாங்க. ஆனா ஒண்ணு மேடம், அந்தப் பந்தை நான் அடிச்சிருந்தா கோலுதானுங்க. அதையும் நீங்க தெரிஞ்சுக்கோணும்."

ஜூன் மாதம் தீபிகா பெங்களூருக்குப் போனாள். மல்லிகா ஒரு டப்பா நிறையப் பருப்புப்பொடி கட்டிக் கொடுத்தார். ஏற்காடு அணியை ரஞ்சித் பொறுப்பெடுத்துக்கொண்டான். ஏ டிவிஷனின் முதல் ஆட்டத்தில் மூன்றுக்கு ஒன்று என்று தோற்றார்கள். அந்த ஒன்று கோகுல் அடித்தது. அன்று மாலை போனில் அந்தக் கோலை அவன் விவரித்தான். பந்து எங்கிருந்து வந்தது, காற்று எந்தப் பக்கம் வீசியது, கீப்பரின் முகம் எப்படிப் போனது என்று ஒன்று விடாமல் சொன்னான். தீபிகா முழுவதையும் பொறுமையாகக் கேட்டாள்.

"நொம்ப சந்தோசமுங்க," என்றாள். "செரி, அந்த மூணு கோலு நாம வாங்குனப்ப நீங்க எங்க நின்னுட்டிருந்தீங்க?"

"அலோ," என்றான் கோகுல். "அலோ, இங்க சிக்னல் சரியில்ல."